பனியில் உறைந்த மணிநா

எதைச் சுடப்போகிறாய், எவ்வளவு தொலைவில் என்று கேட்டறிந்த பிறகுதான் நொரீனா வந்தவரின் முகத்தையே நிமிர்ந்து பார்ப்பாள். ரோக்காஸ்பினா மலையூரின் ஒரே துப்பாக்கிக் கடை அவளுடையது. தந்தை எவரிஸ்தோ வைத்துவிட்டுப் போனது. அதன் மாடியில் பிறந்தாள். தோட்டாப் பெட்டிகளுக்கிடையே தவழ்ந்தாள். மற்றச் சிறுமியர் பாசி கோத்த வயதில் ஈய ரவைகளைச் சலித்து எண்வாரியாகப் பிரித்தாள். கடுகளவான பதினொன்றாம் எண் காடைக்கு. ஒன்பதும் பத்தும் அடர்காட்டில் பதுங்கும் நீண்ட அலகுப் பறவையான மலை உள்ளானுக்கு. ஏழரை, போட்டியில் சுட்டு உடைக்க வானில் வீசிவிடும் மண் தட்டுக்கு. மிளகைவிடச் சற்றே சிறுத்த நான்காம் எண் முயலுக்கு. கண்ணை மூடிக்கொண்டு விரலிடையே உருட்டினாலும் அவளுக்கு எண் பிடிபடும்.

ரவையைத் தேர்ந்தால் பாதி வேலைதான் முடிந்தது. துப்பாக்கியின் வாய்க்குள் திருகிப் பொருத்தும் சிறு எஃகுக் குழல் ஒன்று உண்டு. அதைச் சோக் என்பார்கள். அது வாயை இறுக்கினால் ரவைகள் கூட்டம் கலையாமல் நெடுந்தொலைவு போகும். தளர்த்தினால் அருகிலேயே விரிந்து பரவும். இறுக்கம் எவ்வளவு என்பதை அதன் விளிம்பில் உள்ள வெட்டுகள் சொல்லும். ஒரு வெட்டு என்றால் முழு இறுக்கம். ஐந்து வெட்டு என்றால் இறுக்கமே இல்லை.

பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற தெல்மோ ஒவ்வொரு செப்டம்பரிலும் இதன்பொருட்டே சண்டைக்கு வருவான்.

"நொரீனா, எனக்கு ஒரு வெட்டு குடு. எங்கப்பா கடைசிவரைக்கும் ஒரு வெட்டுலதான் சுட்டாரு."

"உங்கப்பா சுட்டது வயலுக்கு அந்தக் கரையில ஓடுற முயல. நீ சுடப்போறது புதருக்குள்ளருந்து மூஞ்சிக்கு நேரா கெளம்புற உள்ளான. ஒரு வெட்டுல பட்டுச்சுன்னா சூப்பு வைக்கக்கூட மிஞ்சாது. படலேன்னா மரத்துக்குத்தான் காயம்."

"படாதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"எத்தனை வருசமா பாக்குறேன்."

அடுப்பருகே அமர்ந்திருந்த குவெர்ரீனோ தொடையில் தட்டிச் சிரித்தான். நொரீனாவின் கணவன்; கல்குவாரியில் உளியும் வெடிமருந்துமாக வாழ்ந்து, கை இரண்டும் மண்வெட்டிபோல் அகன்றுபோனவன். "அவனுக்கு அஞ்சு வெட்டே குடு. வாசக்கதவ முழுசாத் தொறந்து வுட்டாலும் நெலையில முட்டிக்கிறவன்."

"நீ பேசாதடா! துப்பாக்கி உன் பொண்டாட்டி குடுக்குறா, தோட்டா உன் பொண்டாட்டி குடுக்குறா, நாய்க்குச் சோறும் அவதான் போடுறா. உள்ளான் மட்டும் உன் தெறமைக்கு விழுதாக்கும்?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். குவெர்ரீனோவும் சிரித்தான். நொரீனா மட்டும் தோட்டாப் பெட்டியை மூட எடுத்த கையை அப்படியே வைத்திருந்தாள். தெல்மோ கேலிக்காகச் சொன்னது அவள் நெஞ்சுக்குள் ஒளித்துவைத்திருந்த ஒன்றைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

அந்த ஒன்று தொடங்கியது நான்கு இலையுதிர் காலங்களுக்கு முன்.

ஒவ்வோர் ஆண்டும் வேட்டைப்பருவம் திறக்கும் முன்னர்க் கணவனும் மனைவியும் வேலை நின்றுபோன பழைய கல்குவாரிக்குப் போவார்கள். பாறைச்சுவரில் அகலமான பொட்டலத் தாளை ஒட்டி, சோக் மாற்றி மாற்றி, தோட்டா மாற்றி மாற்றி ஒவ்வொரு வெடி வைத்து, ரவைகள் எப்படிப் பரவின என்று பார்ப்பார்கள். எண்ணும் எடையும் ஒன்றாயினும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி பரவல் வேறாகும். தாளைக் கேளாமல் தோட்டா விற்பது பாவம் என்பது எவரிஸ்தோ மகளுக்கு ஊட்டிய நெறி. முன்னெல்லாம் குவெர்ரீனோ சுட்ட தாளைக் கழற்றி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பான். துளைகள் வழியே ஒளி சிந்தும். "வானத்தைக் கிழிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்பான்.

அந்த ஆண்டு அவன் தாளைத் தூக்கவில்லை. பாறைமேல் விரித்து வைத்து, விரல் நுனிகளால் மெல்லத் தடவினான். முகம் எங்கோ பள்ளத்து நெட்டிலிங்க மரங்களின் பக்கம் திரும்பியிருந்தது.

"மேல எடப்பக்கம் காலியா இருக்கு," என்றான்.

அவன் சொன்னது சரிதான். ஆனால் அதை அவன் கண்ணால் பார்க்கவில்லை, விரலால் படித்திருந்தான். சில மாதங்களாகக் கோப்பையின் விளிம்பைத் தேடி அவன் வைன் ஊற்றியதும், கோயிலில் தோன் செல்சோ பாதிரியாரை நேரே பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்ததும், மூட்டுவலி என்று சொல்லிக் காரோட்டும் வேலையை அவளிடம் தள்ளியதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் வந்து வரிசைகட்டி நின்றன. பார்வையின் நடுவே இருள் விழுந்து ஓரம் மட்டும் எஞ்சியிருந்தது அவனுக்கு.

சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறந்தாள். அப்போது அவளுக்கு முன்னே வந்து நின்றது அவன் அண்ணன் ஈவோவின் முகம். கால் விளங்காமல் துப்பாக்கியை விற்ற ஈவோ, நவம்பரில் சன்னலண்டை நாற்காலி போட்டு அமர்ந்தான்; காட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்; கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குள் அவனைப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். நோயென்று மருத்துவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. "காடு போச்சு, ஆளும் போயிட்டான்," என்று கல்லறைத் தோட்டத்தில் குவெர்ரீனோ சொன்னான். அந்தச் சொல்லின் குளிர் அவளைவிட்டு நீங்கவே இல்லை.

ஆகவே அவள் தாளை மடித்தாள்.

"ஆமா. மூணு வெட்டு இந்தத் தோட்டாவுக்கு ஒத்துவரல. நாலு போட்டுக்கலாம்."

"நீ சொன்னாச் சரி," என்றான் அவன்.

அவ்வளவுதான். அன்றுமுதல் அவன் கண்ணின் ஒளி எவ்வளவு சுருங்கியதோ அவ்வளவு துப்பாக்கியின் வாயை அவள் அகலப்படுத்தினாள். மூன்று வெட்டு நான்காயிற்று. மறு ஆண்டு நான்கு ஐந்தாயிற்று. ஐந்துக்குமேல் திறப்பதற்கு வெட்டு இல்லை. எனவே அடுத்த ஆண்டு, உள்ளே குறுக்குத் தட்டு வைத்து ரவைகளை வேண்டுமென்றே சிதறடிக்கும் தோட்டாக்களை வரவழைத்தாள். ஒரு முழம் தள்ளிக் குறிவைத்தாலும் பறவையின் மேல் ஏதோ ஒரு ரவை படும்படி வலையை விரித்துக் கொடுத்தாள். மண் தட்டுப் போட்டிக்கு அது உதவாது. தட்டு தொலைவில் ஓடுவது. அகன்ற பரவலில் அங்கே போய்ச் சேரும்போது ரவைகளுக்கிடையே தட்டு நழுவிப்போகும் இடைவெளி விழுந்துவிடும். அது தெரிந்தே, ஈஸ்டர் திங்களன்று குவாரியில் நடக்கும் ஊர்ப்போட்டிக்கு முன்பாக "உனக்குத் தோள் வலிக்குதே" என்று ஒவ்வோர் ஆண்டும் அவளே நினைவூட்டினாள். அவனும் தோளைப் பிடித்துக்கொண்டான்.

துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்க அடுத்த இலையுதிர் காலத்தில் கண் பரிசோதனை வரும். அங்கே எந்த வெட்டும் துணைக்கு வராது. அதுவரையாவது அவன் காட்டுக்காரனாகவே இருக்கட்டும் என்று மாதா உருவத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் வேண்டிக்கொண்டாள். வேண்டுவது பொய்க்காகவா அன்புக்காகவா என்று மாதாவையே தீர்த்துக்கொள்ள விட்டுவிட்டாள்.

மலை உள்ளான் வேட்டை அவனைக் காப்பாற்றி வந்ததற்குச் சோக் மட்டும் காரணமன்று, ப்ரீனாவும் காரணம். பிள்ளையில்லாத வீட்டில் ஓடியாடித் திரிந்த வெள்ளைச் செட்டர் இன வேட்டைநாய் அவள். உறைபனி படர்ந்தாற்போன்ற மயிர் என்பதால் உறைபனி என்றே பொருள்படும் அந்தப் பெயர். உள்ளான் வேட்டைக்குப் போகும் நாயின் கழுத்தில் வெண்கல மணி கட்டுவார்கள். ஓக் மரங்களும் சூனிப்பர் புதர்களும் மண்டிய சரிவில் நாய் எவர் கண்ணுக்கும் தெரியாது. மணியோசைதான் அதன் இருப்பு. ஓசை நின்றுவிட்டால், பறவையை மோப்பம் பிடித்து அதன் எதிரே நாய் கல்லாகி நிற்கிறது என்று பொருள். வேட்டைக்காரன் அந்த மௌனத்தை நோக்கி நடப்பான். காதாலேயே பாதி ஆடக்கூடிய ஆட்டம் அது. கண்ணிருப்பவர்கள்கூடக் குவெர்ரீனோவைப்போல் மௌனத்தின் இடத்தைத் துல்லியமாகக் கண்டு நடந்ததில்லை.

சனவரியில் புனித அந்தோணியார் திருநாளன்று கோயில் முற்றத்தில் விலங்குகளுக்கு ஆசி வழங்கினார்கள். கழுதைகளும் ஆடுகளும் நாய்களுமாக ஒரே இரைச்சல். தோன் செல்சோ தீர்த்தம் தெளித்ததும் ப்ரீனா தலைமுதல் வால்வரை ஓர் உதறு உதறி அவர் கண்ணாடியை நனைத்துவிட்டாள்.

"பாத்தியா, உன் நாய்மேல ஆசீர்வாதமே ஒட்டல!" என்றான் தெல்மோ.

"தண்ணிதான் ஒட்டலப்பா, ஆசீர்வாதம் ஒட்டிரும்," என்று கண்ணாடியைத் துடைத்தார் பாதிரியார். "ஆனா இவ கோயிலுக்கு வர்ற அளவு நீ வர்றதில்ல தெல்மோ, அதையும் சொல்லிடுறேன்."

நொரீனா சிரித்துக்கொண்டே நாயின் கழுத்து ஈரத்தைத் தன் சால்வையால் ஒற்றினாள். பின்னாளில் அவள் கை அந்த ஈரத்தை மறக்கவில்லை.

பருவம் முடிய இரண்டொரு நாளே இருந்தது. இரவெல்லாம் பெய்த பனி, காலை வெயில் பட்ட இடத்தில் இளகியும் நிழலில் இறுகியும் கிடந்தது. நொரீனா காட்டுப்பாதையின் சிற்றாலயத்தருகே காரை நிறுத்தினாள். அவனுடைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் கீழ்க்குழலில் ஐந்து வெட்டு, மேல்குழலில் நான்கு, பையில் சிதறு தோட்டாக்கள். எல்லாம் அவள் கையால் பொருத்தியவை, அவள் கையால் நிரப்பியவை.

"சீக்கிரம் வந்துரு. பருப்பு அடுப்புல இருக்கு," என்றாள்.

"பருப்பு எங்கயும் ஓடாது. உள்ளான் ஓடிரும்," என்றான். ப்ரீனாவின் மணி குலுங்கிக்கொண்டே சரிவில் ஏறியது. அவன் அதன் பின்னே ஏறினான்.

அவள் காருக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மணி இடப்பக்கம் போயிற்று, திரும்பிற்று, மேலே ஏறிற்று, மங்கிற்று, நின்றது. அவளும் மூச்சை நிறுத்தினாள். பல ஆண்டுப் பழக்கம். நாய் நிற்கிறது, இப்போது அவன் நடக்கிறான், இப்போது பறவை கிளம்பும் என்று நெஞ்சுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டாள். சிறகடிப்பு அவ்வளவு தொலைவுக்குக் கேளாது. வெடி கேட்டது. ஒரே வெடி. அதன் பின்னே ஒரு கேவல் கேட்டது. அது நாயினுடையதா மனிதனுடையதா என்று தெரியாமல் அவள் பனியில் விழுந்தெழுந்து ஓடினாள்.

குவெர்ரீனோ மண்டியிட்டிருந்தான். மடியில் ப்ரீனா. ஆறடித் தொலைவில் மலை உள்ளான் சிறகு விரிந்து கிடந்தது. ஒரே வெடியில் இரண்டும். நாயின் தாடைக்குக் கீழே வெண்மயிரில் ஒரு சிவப்புப் பொட்டு, அவ்வளவு சிறியது, ஒன்பதாம் எண் ரவை என்று அந்தக் கணத்திலும் அவள் மனம் அடையாளம் சொல்லிற்று. அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

"மணி நின்னுச்சே நொரீனா. கீழ, அந்த மரத்தண்டதான நின்னுச்சு. அவ அங்க நிக்கிறான்னுதான நான்… இங்க எப்படி வந்தா? மணி நின்னுச்சே."

நாயின் கழுத்திலிருந்த மணியை அவள் கையில் எடுத்துப் பார்த்தாள். உள்ளே ஈரப்பனி புகுந்து இறுகி, மணியின் நாவைக் கவ்விப் பிடித்திருந்தது. ப்ரீனா கீழே நிற்கவில்லை. மணியோசைதான் கீழே நின்றுபோயிற்று. நாய் ஓசையின்றி மேலே ஏறிப் பறவையின் அருகே போய் நின்றிருக்கிறாள். பறவை தாழப் பறந்திருக்கிறது. நாய் வேறிடத்தில் இருப்பதாக நம்பியவன் சிறகோசையைக் குறிவைத்துத் தாழச் சுட்டிருக்கிறான். பனி நாளில் மணியின் நாவுக்குப் பன்றிக்கொழுப்பு தடவிவிடுவார்கள், பனி ஒட்டாமல் இருக்க. அது எப்போதும் அவன் வேலை. அன்று தடவியிருக்கவில்லை.

அவள் உள்ளங்கைச் சூட்டில் பனி இளகிற்று. நா விடுபட்டு, மணி ஒருமுறை சிணுங்கியது.

அவன் சட்டென்று தலைநிமிர்ந்தான். "ப்ரீனா?" என்றான். அந்த ஒரு நொடி அவன் முகத்தில் பிறந்த ஒளியை நொரீனா பார்த்தாள். மடியிலிருந்த பாரம் அசையாததை உணர்ந்து அது அணைந்ததையும் பார்த்தாள். மணியை இறுகப் பொத்திக்கொண்டாள்.

அவனுடைய வேட்டைக்கோட்டிலேயே நாயைச் சுற்றி, குவாரியின் மேல்விளிம்பில், காட்டு ரோசாப் புதரடியில் புதைத்தார்கள். தெல்மோதான் குழி வெட்டினான்; ஒரு கேலியும் பேசவில்லை. "பனி உறைஞ்சா யாருக்கு வேணா நடக்கும்," என்று மட்டும் மண்ணைப் பார்த்துச் சொன்னான். ஊரும் அதையே சொன்னது. மணியின் மேல் பழிபோட்டு ஊர் ஓய்ந்தது.

நொரீனாவுக்கு ஓய்வில்லை. அவளுக்குத் தாள் பாடம் தெரியும். அவன் நின்ற இடத்திலிருந்து நாய் நின்ற இடம்வரை ஒரு வெட்டுக் குழலில் ரவைக்கூட்டம் ஒரு தொப்பியளவே விரியும். பறவை விழுந்திருக்கும், அல்லது தப்பியிருக்கும். பக்கத்தில் நின்ற நாயைத் தொட்டிருக்காது. ஐந்து வெட்டும் சிதறு தோட்டாவும் சேர்ந்தால் அதே தொலைவில் ஒரு கதவளவு விரியும். பறவை தப்பக்கூடாது என்று அவள் விரித்த வலை அது. அந்த வலையின் ஓரத்து ஒற்றைக் கண்ணிதான் ப்ரீனாவின் கழுத்தில் விழுந்தது.

தவக்காலம் முழுவதும் இருவரும் ஒரே மேசையில் உப்பில்லா ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். ஒருவரையொருவர் ஒன்றும் கேட்கவில்லை. கோயிலில் பாவ அறிக்கைக்கு மண்டியிட்டபோது, "பொய் சொன்னேன் சாமி," என்றாள். "யார்கிட்டம்மா?" என்று கம்பித்தடுப்புக்கு அப்பாலிருந்து கேட்டார் தோன் செல்சோ. அவள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். குவெர்ரீனோ சன்னலண்டை நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான். அதைக் கண்டதும், தான் எதற்கு அஞ்சி இத்தனையும் செய்தாளோ அது வீட்டுக்குள் வந்து அமர்ந்துவிட்டதை அறிந்தாள்.

ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை. பாலாடைக்கட்டி ரொட்டி மாடியில் வெந்து கடைவரை மணத்துக்கொண்டிருந்தது. குவெர்ரீனோ படியிறங்கி வந்து, வழக்கம்போல் அடுப்பண்டை போகாமல், வாடிக்கையாளர் நிற்கும் பக்கமாக மேசைமுன் வந்து நின்றான். தோளில் துப்பாக்கி.

"எதைச் சுடப்போறே, எவ்ளோ தூரத்துலன்னு கேக்க மாட்டியா?"

அவள் முகத்தை நிமிர்த்தாமலே கேட்டாள். "எதைச் சுடப்போறே?"

"மண் தட்டு. திங்கக்கெழமை. தூரம் நம்ம குவாரித் தூரம். ஒரு வெட்டு குடு. ரெண்டு குழலுக்கும்."

"உனக்குத்தான் தோள்…"

"தோள்ல ஒண்ணுமில்ல. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவன் துப்பாக்கியை மேசைமேல் கிடத்தி, அதன் வாய்விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்ல வட்டமிட்டான். நகம் ஒவ்வொரு வெட்டிலும் இடறி இடறிச் சென்றது.

"தொடைக்கிறப்பல்லாம் இது நகத்துல தட்டும். மொதல்ல மூணு. அப்புறம் நாலு. அப்புறம் அஞ்சு. ஒவ்வொரு வருசமும் பருவம் தொறக்குறப்போ எண்ணிப் பாப்பேன், கெழவி இந்த வருசம் எவ்ளோ தொறந்திருக்கான்னு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீ குடுத்தே, நான் வாங்கிக்கிட்டேன். உள்ளான் விழறப்போ தெல்மோ வயிறெரிவான் பாரு, அது நல்லாருந்துச்சு. நீ காரண்ட நின்னு சிரிக்கிறது… மூஞ்சி தெரியாது, சிரிப்பு கேக்கும். அதுவும் நல்லாருந்துச்சு. வேணாம்னு சொல்ல வாய் வரல."

அவள் மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். "அவளக் கொன்னது நான்தான் குவெர்ரீனோ. மூணு வெட்டாவது போட்டிருந்தா அவ இப்போ இங்க வாலாட்டிக்கிட்டு…"

"கொழுப்பு தடவாதது யாரு? பறவையே தெரியாம சத்தத்தச் சுட்டது யாரு? தாழச் சுடக்கூடாதுன்னு ஊருக்கே சொல்றவன் நான்." அவன் குரல் தாழ்ந்தது. "வேணும்னா பங்கு போட்டுக்கலாம். பாதி உனக்கு, பாதி எனக்கு. அதனால அவ வரமாட்டா."

ரொட்டியின் மணம் கருகலாக மாறிக்கொண்டிருந்தது. இருவரும் அசையவில்லை.

"அப்போ இந்த ஒரு வெட்டு எதுக்கு? ஊரே நிக்கும் அங்க."

"எனக்கு மிச்சம் எவ்ளோ இருக்குன்னு ஒரு தடவ பாக்கணும். என் கண்ணு மட்டும். உன் கை அதுல கலக்கக்கூடாது. நின்னு பாத்து எங்கிட்ட சொல்லு. அது போதும்."

அவள் ஐந்து வெட்டுக் குழலையும் நான்கு வெட்டுக் குழலையும் திருகிக் கழற்றினாள். ஒரு வெட்டுக் குழல்களை எண்ணெய்த் துணியிலிருந்து எடுத்தாள். பெட்டிக்குள் நெடுநாள் தீண்டப்படாமல் கிடந்து குளிர்ந்திருந்தன.

ஈஸ்டர் திங்களன்று குவாரியில் ஊர் கூடியிருந்தது. பலகைமேசையில் பாலாடைக்கட்டி ரொட்டி, அவித்த முட்டை, உப்பிட்ட இறைச்சித் துண்டுகள். பரிசாக வைத்த பன்றித்தொடை மரக்கிளையில் தொங்கியது. தட்டு வீசும் எந்திரத்தண்டை அமர்ந்திருந்த தெல்மோ, குவெர்ரீனோவைக் கண்டதும் எழுந்தே விட்டான்.

"அட, பாருங்கப்பா! தோளு உயிர்த்தெழுந்து வந்துருச்சு!"

"நீ ஒழுங்கா வீசுற வேலையப் பாரு," என்றான் குவெர்ரீனோ. நிற்குமிடத்துக்குப் போய், காலை அகட்டி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றினான். அந்த நிலை இன்னும் அழகாகத்தான் இருந்தது. "விடு!"

செம்மஞ்சள் தட்டு நீலத்தில் ஏறியது. துப்பாக்கி வெடித்தது. தட்டு முழுதாகப் போய்ப் பள்ளத்தில் இறங்கிற்று.

"தட்டு பயந்துருச்சு, அதான் வேகமா ஓடுது!" என்றான் தெல்மோ. எல்லோரும் சிரித்தார்கள்.

"விடு!"

இரண்டாவதும் முழுதாகப் போயிற்று. மூன்றாவதும். எந்திரத்தின் ஓசை வந்த திசைக்கு அவன் துப்பாக்கி திரும்பும்போது தட்டு மேலேறி அகன்றிருந்தது. சிரிப்பு ஓரிருவரிடம் தேய்ந்து, பிறகு இல்லாமலே போயிற்று. கையில் முட்டை வைத்திருந்தவர்கள் அதை உரிக்காமல் நின்றார்கள். தெல்மோ எந்திரத்தை வேறொருவனிடம் விட்டு நொரீனாவிடம் வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"ஒரு வெட்டு போட்டு வுட்டிருக்கியே, என்ன காரியம் பண்ணே? ஆளு ஒண்ணும் தெரியாம சுடுறான். நிறுத்தி மாத்திக் குடு. வச்சிருக்கேல்ல?"

வைத்திருந்தாள். மேலங்கிப் பையில் நான்கு வெட்டுக் குழல் ஒன்றும் அதைத் திருகும் சாவியும் இருந்தன. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கை தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டது. அது தட்டை உடைக்க உதவினாலும் உதவாவிட்டாலும், நிறுத்திக் குழலை மாற்றினால் ஊருக்குப் பேச ஒரு காரணம் கிடைக்கும். குழல்மேல் பழி போகும். அவன் தலை நிமிர்ந்திருக்கும். பையிலிருந்த எஃகு அவள் விரல்பட்டு வெதுவெதுத்தது.

"இல்ல தெல்மோ," என்றாள். "ஒண்ணும் எடுத்துட்டு வரல." அவள் சொன்ன பொய்களில் கடைசிப் பொய் அதுதான்.

கடைசித் தட்டுவரை அவன் சுட்டான். ஒன்றுகூட உடையவில்லை. துப்பாக்கியைத் திறந்து, வெற்றுத் தோட்டாக்களை உதிர்த்துவிட்டு, முகத்தை அவள் நின்ற பக்கம் சரியாகத் திருப்பினான்.

"நொரீனா. எவ்ளோ தள்ளி?"

"மயிரிழைப்பா!" என்று யாரோ பின்னாலிருந்து கூவினார்கள். அன்பினால்தான் கூவினார்கள்.

"உன்ன இல்ல. அவளக் கேக்குறேன்."

நொரீனா அவனருகே போனாள். "ரொம்பத் தள்ளி," என்றாள். "தட்டு மேல போச்சு. நீ கீழயும் பின்னாலயும் சுட்டே."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவன் தலையசைத்தான். துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தான். பிறகு, வாழ்வில் முதன்முறையாக, வழி தெரியாத ஒருவன்போல் அவள் தோள்மேல் கையை வைத்தான். அந்தக் கை கனத்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. தெல்மோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

குவாரியின் அடியில் உடையாத தட்டுகள் பசும்புல்மேல் பரவிக் கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ப்ரீனாவைப் புதைத்த மேல்விளிம்பை அடைந்ததும் அவன் கால் தயங்கிற்று. காட்டு ரோசாப் புதர்கள் அங்கே வரிசையாக நின்றன. ஒன்றன் முன்னே குனிந்து தரையைத் தொட்டான்.

"இங்கதானே?"

அங்கில்லை. ஆமென்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் அங்கேயே மண்டியிட்டிருப்பான்.

"இல்ல," என்றாள் நொரீனா. "இன்னும் கொஞ்சம் தள்ளி." அவன் கையைப் பிடித்து எழுப்பி, அந்தக் கொஞ்ச தூரத்துக்கும் கூட்டிச்சென்றாள்.